இருபது வருஷத் தடம்

எங்கள் வக்கீல் காலையில் நடக்கப் போவார். நீரிழிவு என்று தெரிந்தபின் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துகளில் அதுவும் ஒன்று. கான்வாஸ் ஜோடு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, கழுத்தில் ஒரு மப்ளர். ராமக்காள் ஏரிக்கரை வரை போய்த் திரும்புவார். தூறல் போட்டால் போகமாட்டார். விருந்தாளி வந்தால் போகமாட்டார். முதல் நாள் சாப்பாடு கனத்துவிட்டால், நடை எந்த நாளில் அவசியமோ அந்த நாளில்தான் போகமாட்டார். இருந்தும் தர்மபுரியில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும், ஐயா ஒரு நாளும் நடையை விடுவதில்லை என்று மெச்சிக்கொள்வார்கள். பெரிய மனுஷன் ஒன்றைப் பாதி செய்தாலும் முழுசாகத்தான் கணக்கு.

அவரிடம் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பெயர் பச்சியப்பன். இப்போது எனக்கும் அதே வியாதி, அதே ஏரிக்கரை. நடக்கிறபோது வக்கீல் ஞாபகம் வருவதில்லை. குள்ளம்மாள் ஞாபகம்தான் வருகிறது. அவளை நடக்க வைத்தவன் நான். எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்காத நடையை, ஆறு மாத அனுபவத்தில், நான் எழுதிக் கொடுத்தேன்.

பெயருக்குத்தான் அவள் குள்ளம்மாள். ஆள் எங்கள் ஆபீஸ் நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வருவாள். குலசாமி பேரை வைத்துவிட்டார்கள், வளர்ந்தது அவள் தப்பா? மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைலில் அவள் ஊர். 1927-ல் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே மகள் கண்ணம்மாளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சொத்து என்று ஒன்றரை ஏக்கர் கொல்லை. வானம் பார்த்த பூமி. ராகி விதைத்து, நடுவில் சால் விட்டு அவரை போடுவாள். அதில்தான் தாயும் மகளும் வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

அந்தக் கொல்லைக்கு ஓடை ஓரமாக ஒரு தடம் இருந்தது. புருஷன் போன அதே வருஷம் ஐப்பசி மழையில் ஓடை உடைத்துக்கொண்டு தடத்தைத் தின்றுவிட்டது. அதன்பின் கொல்லைக்குப் போக இரண்டே வழி. ஊர் ஏரிக்கரையைச் சுற்றி வண்டிப் பாட்டையில் போனால் இரண்டரை மைல். மாதையன் நிலத்தின் நடுவே போனால் அரை மைல். மாதையன் அவள் புருஷனுக்குப் பங்காளி. ஊரில் பெரிய பண்ணையம் அவனுடையதுதான். அவன் நட என்றும் சொல்லவில்லை, நடக்காதே என்றும் சொல்லவில்லை. 1928 தை மாதம் அவள் அந்த நிலத்தில் கால் வைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, புருஷன் பேரில் இருந்த பட்டாவைத் தன் பேருக்கு மாற்ற எங்கள் ஆபீசுக்கு வந்தாள். வக்கீல் குளித்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் நாலு கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேஜைக்குப் பின்னால் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு இருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். நானு அடுத்தவங்க மண்ணுலதான் கொல்லைக்கு நடந்து போறேன். நாளைக்கு அவங்க அடைச்சுட்டா என்னா பண்றது?"

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். சட்டப் புத்தகங்களின் முதுகைத் துடைத்ததுதான் என் படிப்பு. ஆனால் அதற்கு முந்தைய வாரம் வக்கீல் யாரிடமோ இருபது வருஷப் பாத்தியதை என்று சொன்னது காதில் விழுந்திருந்தது.

"இருபது வருஷம் நடந்துட்டீங்கன்னா தடம் உங்களுது. அப்புறம் யாரும் அடைக்க முடியாது" என்றேன்.

"இருபது வருஷம்னா, எப்படி நடக்கோணும்?"

நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

"ஒரு நாளும் விடாம நடக்கணும். ஒரு நாள் விட்டாலும் மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பம்."

"நானு படுத்துட்டா? மக நடந்தா ஆவாதுங்களா?"

"பட்டா யார் பேர்ல இருக்குதோ அவங்கதான் நடக்கணும்."

இந்த இரண்டு விதியும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. தாழ்வாரத்து நாலு பேருக்காக நானே சேர்த்தது. குள்ளம்மாள் விரலை மடக்கிப் பார்த்தாள். "ரெண்டு வருஷம் நடந்தாச்சு. இன்னும் பதினெட்டுதான்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

அன்றிலிருந்து அவள் நடந்தாள்.

சாணி அள்ளிப் போட்டு, களி கிண்டி மூடி வைத்துவிட்டுக் கிளம்புவாள். மாதையன் களத்து மேட்டைத் தாண்டி, அவன் கிணற்றடியைச் சுற்றி, இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவே புகுந்து, கள்ளி வேலியில் இருந்த சந்து வழியாகத் தன் கொல்லையில் இறங்குவாள். பயிர் இருக்கும் மாதங்களில் இது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மாசியிலிருந்து ஆனி வரை கொல்லையில் என்ன இருக்கும்? புழுதி இருக்கும். அப்போதும் போனாள். போய்ப் புழுதியில் கொஞ்ச நேரம் நின்று, நாலு சுள்ளி பொறுக்கிக்கொண்டு திரும்பினாள். ஊர் சும்மா இருக்குமா?

"காத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போறியா குள்ளம்மா?" என்று கேட்பார்கள்.

"உங்க வாயில வர்ற காத்தே போதும், எனக்கென்னாத்துக்குத் தண்ணி" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவாள். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாதையன் காதுக்குப் போய்விடும் என்கிற புத்தி அவளுக்கு இருந்தது. அந்தப் புத்தி இருபது வருஷம் இருந்தது, இருபதாவது வருஷம் முடிந்த அன்றைக்குத்தான் போனது.

ஒரு வருஷம் மலைக்காய்ச்சல் வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தடி ஊன்றி, பல் தந்தியடிக்க நடந்தாள். மாதையன் கிணற்றடியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். மாதையன் பெண்டாட்டி காசியம்மாள்தான் ஓடிவந்து பிடித்தாள். குள்ளம்மாளுக்கு ஓரகத்தி முறை. நல்ல மனசு.

"படுத்துக் கெடக்க மாட்டியா? கொல்ல ஓடியா போயிடும்?" என்று கேட்டு மோர் கொடுத்தாள்.

"கொல்ல ஓடாதுக்கா. தடம் ஓடிடும்" என்றாள் குள்ளம்மாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்று காசியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

இன்னொரு வருஷம் குதிகாலில் வேலமுள் ஏறி ஒடிந்து சீழ் வைத்தது. ஒரு மாதம் முன்னங்காலாலேயே நடந்தாள். மொரப்பூர்ச் சந்தைக்குப் போனாலும் இருட்டுவதற்குள் திரும்பி ஒரு நடை கொல்லைக்குப் போய் வந்துதான் உலை வைப்பாள். கல்யாணம், கருமாதி, பண்டிகை எதற்கும் வெளியூரில் ஒரு இரவு தங்கியதில்லை. மகளை 1933-ல் பாப்பாரப்பட்டியில் கட்டிக் கொடுத்தாள். அங்கே மறுவிருந்துக்குக்கூட இருக்கவில்லை. சம்பந்தி வீட்டார் இதைக் கர்வம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு தடவை அவள் ஆபீஸ் வாசலில் நின்றபோது வக்கீல் அவள் காலைப் பார்த்தார். "பாரு பச்சியப்பா, கெண்டைச் சதை எப்படிக் கல்லு மாதிரி இருக்கு. எல்லாம் நடையோட மகிமை. நம்ம ஜனங்களுக்கு இந்த ஆரோக்கியத்தோட அருமை தெரியறதில்லே" என்றார். நான் தலையாட்டினேன்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. அவளிடம் என்ன, அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் எல்லாரிடமும் உண்டு. அடுத்தவர் மண்ணை மிதித்துப் போகிறவர்கள், அடுத்தவர் கிணற்றில் தண்ணீர் மொள்ளுகிறவர்கள், தங்கள் கொல்லையில் முதலில் பறிப்பதை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கேட்டு வாங்குவதில்லை. கொடுக்காவிட்டால் சண்டையும் இல்லை. கொடுக்காதவர்களைப் பற்றி, அது வெறுங்கை வீடு என்று ஒரு வார்த்தை சொல்வார்கள், அவ்வளவுதான். அந்த வார்த்தைக்குப் பயந்தே ஊர் முழுக்க மரியாதையாக இருந்தது. மார்கழிக் கடைசியில் குள்ளம்மாள் கொல்லையில் அவரை காய்க்கும். முதல் பறிப்பு ஒரு கூடை காசியம்மாள் வீட்டுக்கு. இரண்டாவது பறிப்பு எனக்கு. சின்ன ரயிலில் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு வந்து, கூடையை என் மேஜைக்குக் கீழே வைத்துவிட்டு, "மொதக் கூடை காசியம்மா அக்காவுக்கு, ரெண்டாவது உங்களுக்கு, அப்புறந்தான் எங்க வூட்டு அடுப்புக்கு" என்று வருஷம் தவறாமல் சொல்லிவிட்டு, அதே ரயிலில் திரும்பிவிடுவாள். சாயங்கால நடை பாக்கி இருக்கும். பனியில் விளைந்த அவரை, என் வீட்டில் பருப்புப் போட்டுக் கடைவார்கள். நாலு நாள் கைமணம் போகாது.

இனிமேல்தான் நான் சொல்ல வெட்கப்படுகிற பகுதி.

1936-ல் வேறொரு வழக்கின் தீர்ப்பை நகல் எடுக்க வேண்டி வந்தது. அதுவும் தட வழக்கு. என் கையாலேயே முழுவதையும் எழுதினேன். அதில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, இருபது வருஷம் விடாமல் நடப்பது என்றால் தினமும் நடப்பது என்று அர்த்தமில்லை, தேவைப்பட்டபோது நடந்தால் போதும், நிலத்துக்காரன் தடுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவே. இன்னொன்று, தன் உரிமை என்று நடந்திருக்க வேண்டும். நிலத்துக்காரனின் தயவில், அவனுடைய மண் என்று ஒப்புக்கொண்டு, அதற்காக ஏதாவது கொடுத்துக்கொண்டு நடந்தால், நூறு வருஷம் நடந்தாலும் பாத்தியதை வராது.

எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைத்தேன். அவரைக்கூடை ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த தை மாதம் அவள் வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அவள் வந்த அன்றைக்குத் தாழ்வாரம் நிறைய ஆள். ஏழு வருஷத்தில் நான் வளர்ந்திருந்தேன். கட்சிக்காரர்கள் என்னைச் சின்ன வக்கீல் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். சின்ன வக்கீல் தான் சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வான்? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூடையை வாங்கி மேஜைக்குக் கீழே தள்ளினேன்.

அடுத்த வருஷமும் அந்த நாள் வரவில்லை. அந்த வருஷமே, 1938 ஆவணியில், அவரைக்காய்க் காலம் அல்லாத காலத்தில் அவள் வந்து நின்றாள். கையில் கூடை இல்லை.

"கண்ணம்மா கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லீங்க தம்பி. பேரன். மூணு வயசு. ஆளு வந்து சொன்னான். காலையில ஒரு நடை நடந்துட்டு வண்டி ஏறிட்டேன். அங்க ரெண்டு மூணு நாள் இருக்கோணுமாட்ட இருக்குது. இருக்கலாமுங்களா? பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு ரெண்டு நாளுக்குக் கூட சட்டம் எடங்குடுக்காதுங்களா?"

இருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும். என் கையெழுத்திலேயே தெரியும். தாழ்வாரத்தில் ஒரு பெரிய மிராசுதார் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்தினம்தான் அவரிடம் இதே சட்டத்தை இதே கம்பீரத்தோடு சொல்லியிருந்தேன்.

"பாத்துட்டு நாளைக்கே கிளம்பிடுங்க. இருட்டறதுக்குள்ள ஒரு நடை நடந்துட்டா நாள் விட்டதா ஆகாது" என்றேன்.

அவள் பத்து மைல் நடந்து பாப்பாரப்பட்டி போனாள். விடியும்வரை பேரனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் கிளம்பினாள். கண்ணம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கி ஒரு நாள் இரும்மா" என்று அழுதாள். "கொல்ல உனக்குத்தானே கண்ணு, உனக்காவத்தானே" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் மாதையன் நிலத்தைத் தாண்டிப் புழுதியில் நின்றாள். மறுநாள் பேரன் செத்துப்போனான். ஆள் வந்து சொல்லி அவள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"உனக்கு அந்தத் தடந்தான் பொறந்துது. நானு எங்கியோ கெடந்து எடுத்து வளத்தவ" என்றாளாம் கண்ணம்மாள். அதன்பின் அவள் தாய் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. தாய் தேடிப் போனாலும் பேசவில்லை.

இதையெல்லாம் அடுத்த தை மாதம் என் மேஜை முன்னால் நின்று குள்ளம்மாளே சொன்னாள். கூடையும் கொண்டுவந்திருந்தாள். நான் அந்த அவரையையும் சாப்பிட்டேன்.

யுத்தம் வந்தது. மொரப்பூர் சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகை பஸ் ஓடியது, அதுவும் ஓடின நாள்தான். குள்ளம்மாள் வருஷத்துக்கு ஒரு முறை எப்படியோ வந்தாள். தலை நரைத்தது. பல் இரண்டு போனது. நடை மட்டும் போகவில்லை. ஊரில் அவள் வயசுக்காரர்கள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "குள்ளம்மா நூறு வயசு இருப்பா பாரு" என்று பேசிக்கொண்டார்கள்.

1948 தை பிறந்தது. இருபது வருஷம் முடிந்தது. அன்றைக்கு முதல் பறிப்பு அவரையை எடுத்துக்கொண்டு காசியம்மாள் வீட்டுக்குப் போனாள். வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். பேரன் செத்தபின் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள்.

"அக்கா, இன்னியோட இருபது வருசம். இனி அது எந் தடம். யாரு கேட்டாலும் எந் தடம்."

காசியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட வந்த புருஷனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். மாதையன் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஆள்களைக் கூப்பிட்டான். மூன்றாம் நாள் கள்ளி வேலியில் இருந்த சந்தில் முள் அடைத்திருந்தது.

குள்ளம்மாள் அழவில்லை. நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தாள். "அடைச்சுட்டாருங்க தம்பி. நல்லதாப் போச்சு. கோர்ட்டுலயே சொல்லிடட்டும், எந் தடம்னு" என்றாள். என்னவோ பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள். வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். இருபது வருஷம் நடந்ததற்கு ஊரே சாட்சி, கேஸ் கெட்டி என்றார். அவரைக்கூடை பற்றி அவருக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. எதிர்க்கட்சி வக்கீலுக்கு மட்டும் அது எப்படித் தெரியப்போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

எதிர்க்கட்சி வக்கீல் அந்த ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர். அவருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. குள்ளம்மாள் கூண்டில் ஏறி, ஒரு நாள் விடாமல் நடந்தேன் என்று எங்கள் வக்கீலுக்குச் சொன்னதைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

"ஏம்மா, காசியம்மா வூட்டுக்கு அவரைக்காய் கொண்டுபோய்க் குடுக்கறதுண்டா?"

"உண்டுங்க."

"எதுக்குக் குடுக்கறீங்க?"

"அவங்க மண்ணுங்களே. மிதிச்சுட்டுப் போறமே."

"ஒரு வருஷமாச்சும் குடுக்காம இருந்ததுண்டா?"

குள்ளம்மாள் நிமிர்ந்தாள். வெறுங்கை வீடு என்று சொல்லிவிடுவார்களோ என்கிற ரோஷம் முகத்தில் தெரிந்தது.

"இருபது வருசத்துல ஒரு வருசமும் விட்டதில்லீங்க" என்றாள்.

எங்கள் வக்கீல் மேஜைக்கடியில் கைக்குட்டையைத் தேடினார். பிறகு காசியம்மாள் கூண்டுக்கு வந்தாள். குள்ளம்மாளைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அவளுக்குப் பரிந்து பேசத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

"சும்மா நடக்கற பொம்பள இல்லீங்க அவ. மொத அவரைக்காய் எங்க வூட்டுக்கு வந்துதான் அவ அடுப்புல ஏறும். எங்க மண்ணு, எங்க தயவுன்னு ஒரு நாளும் மறந்ததில்ல. அந்த மரியாத இந்தக் காலத்துல யாருகிட்ட இருக்குது, சொல்லுங்க?"

முன்சீப் அதை அப்படியே எழுதிக்கொண்டார். 1949 ஆடியில் தீர்ப்பு வந்தது. தயவில் நடந்த நடை, பாத்தியதை இல்லை. சுற்றுவழி ஒன்று இருப்பதால் வேறு விதத்திலும் கேட்க முடியாது. தீர்ப்பில் தப்பு இல்லை. அதுதான் சட்டம். நான் பதின்மூன்று வருஷத்துக்கு முன்பே என் கையால் எழுதிய சட்டம்.

கோர்ட்டு வாசல் புளிய மரத்தடியில் வக்கீல் என்னைப் பார்த்து, "அந்த அவரைக்காய் விஷயம் உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டார். "தெரியாதுங்க" என்றேன். அவர் குள்ளம்மாளுக்கு ஆறுதல் சொல்கிற எண்ணத்தில் திரும்பினார்.

"இருபது வருஷம் ஒரு நாள் விடாம நடந்தேன்னு கூண்டுல சொன்னியேம்மா, யாரு உன்னை அப்படி நடக்கச் சொன்னது? ரெண்டு நாள், நாலு நாள் விட்டா ஒண்ணும் கெட்டுப்போகாது. டாக்டர் சொல்லி நானே வாரத்துல நாலு நாள்தான் நடக்கிறேன்." தன் வேடிக்கைக்குத் தானே சிரித்துவிட்டு ஜட்கா ஏறிப் போய்விட்டார்.

குள்ளம்மாள் என்னைப் பார்த்தாள்.

"அப்ப, அன்னிக்கி கண்ணம்மா வூட்டுல இருந்திருக்கலாமுங்களா, தம்பி?"

"எனக்கும் அன்னிக்கித் தெரியாதும்மா" என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மொரப்பூர் ரோட்டில் நடந்தாள். உயரமான பொம்பளை, வெகுதூரம் வரை தெரிந்தாள்.

அந்த வருஷமும் ராகி போட்டாள். ஏரிக்கரையைச் சுற்றிப் போக இரண்டரை மைல், வர இரண்டரை. காலையும் மாலையும் என்றால் பத்து மைல். எருக்கூடை தலையில். அறுபத்தொரு வயசு. கதிர் முற்றிய சமயம் காவலுக்கு ஓடி ஓடிப் போனாள். அவள் கரையைச் சுற்றி வருவதற்குள் மாடு மேய்ந்துவிடும், கிளி தின்றுவிடும். எந்த வேலியை அடைத்தானோ அந்த வேலிக்கு அந்தப்பக்கம் நின்று மாதையன் ஒரு நாள் விலை கேட்டான். அவனைத் தவிர அந்தக் கொல்லையை வாங்க வேறு யார் வருவார்கள்? தடம் இல்லாத நிலம்.

மார்கழிக் கடைசியில் ரிஜிஸ்தர் ஆபீசில் கிரயம். நான் வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். மாதையனும் காசியம்மாளும் ஒரு பக்கம், குள்ளம்மாள் ஒரு பக்கம். அவள் கட்டை விரலில் மை தடவி உருட்டினார்கள். எழுந்து, மூலையில் வைத்திருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு காசியம்மாளிடம் போனாள். முதல் பறிப்பு அவரை. கூடை நிறைய இருந்தது. அதைக் காசியம்மாள் முந்தானையில் கொட்டினாள்.

"இப்ப என்னாத்துக்கு குள்ளம்மா இது?" என்று காசியம்மாள் அழுதுவிட்டாள்.

"இருபது வருசம் மிதிச்சேனே அக்கா."

பிறகு என்னிடம் வந்தாள். நான் பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டேன். அவள் கூடையைக் கவிழ்த்து அடியைத் தட்டிக் காட்டினாள்.

"உங்களுக்கு இல்லீங்க தம்பி. அவங்களுக்குக் குடுத்தது மண்ணுக்கு. உங்களுக்குக் குடுத்தது நீங்க சொன்ன சொல்லுக்கு."

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரை விட்டு மகளிடம் பாப்பாரப்பட்டிக்குத்தான் போகிறாள் என்று கையிலிருந்த துணி மூட்டையைப் பார்த்தே தெரிந்தது. "பஸ் நிக்குதும்மா" என்றேன்.

"நடந்தே போறேன். சீக்கிரம் போய் இனி யாரப் பாக்கப் போறேன்" என்றாள்.

வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாப்பாரப்பட்டி ரோட்டில் இறங்கினாள். கண்ணம்மாள் வாசலில் சேர்த்துக்கொண்டாளா, இல்லையா, எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் எத்தனையோ பேர் ஆபீசுக்கு வந்தார்கள். ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.